காந்தள் கொடி காய்ந்தால் கிழங்கு பட்டுவிட்டதா?

கேள்வி: சென்ற ஆடியில் செங்காந்தள் கிழங்கு ஒன்றை வேலியோரம் நட்டேன். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நன்றாகப் பூத்தது. தை பிறந்ததும் கொடி மஞ்சளாகிக் காய்ந்துவிட்டது. நாள்தோறும் தண்ணீர் ஊற்றியும் துளிர்க்கவில்லை. கிழங்கு பட்டுவிட்டதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கொடி காய்ந்ததால் கிழங்கு பட்டுவிட்டதாகக் கொள்ள வேண்டியதில்லை, ஆனால் தண்ணீர் ஊற்றுவதை இன்றே நிறுத்திவிடுங்கள். மழையோடு முளைத்து, பூத்து, மழை ஓய்ந்தபின் தரைக்கு மேல் உள்ள பகுதி முழுவதையும் உதிர்த்துவிட்டுக் கோடை முழுவதும் மண்ணுக்குள் உறங்குவது காந்தளின் இயல்பு. அந்த உறக்கத்தில் இருக்கும் கிழங்கைச் சுற்றி ஈரம் தேங்கினால் அது அழுகிவிடும். இந்தக் கொடியைப் பொறுத்தவரை, தண்ணீர் குறைந்து கெட்ட கிழங்கைவிட, அக்கறை மிகுந்து கெட்ட கிழங்கே அதிகம் என்பது என் கருத்து.

தஞ்சைப் பகுதியின் களிமண்ணில் நீர் எளிதில் வடியாது. ஆகவே கிழங்கை மெல்லத் தோண்டி எடுத்து, காய்ந்த மணலில் புதைத்து நிழலில் வைத்திருப்பது நல்லது. நீங்கள் நட்ட பழைய கிழங்கு சுருங்கிப்போய், அதனிடத்தில் கவைபோன்ற புதிய கிழங்கு உருவாகியிருக்கும். அதன் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் முளை இருப்பதால், நுனி ஒடியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நுனி ஒடிந்த கிளை முளைப்பது அரிது. மீண்டும் ஆனி, ஆடியில், செம்மண்ணும் மணலும் தொழு உரமும் கலந்து சற்று மேடாக்கிய பாத்தியில், நான்கு விரற்கடை ஆழத்தில் படுக்கவைத்து நடுங்கள். இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பிடிக்கும் கொடியாதலால், பருத்த கம்பத்தைவிட மெல்லிய குச்சிகளே அதற்கு ஏற்றவை. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகள் இதற்கு முள்கிளுவை என்னும் முட்செடியைப் பயன்படுத்துகிறார்கள்.

கேள்வி: எங்கள் காந்தளில் பூ நிறைய வருகிறது, காய் பிடிப்பதில்லையே, ஏன்? வீட்டில் சிறு குழந்தை இருப்பதால் இதை வளர்க்கலாமா என்றும் தயங்குகிறோம்.
– வாசகர், மதுரை

பதில்: பூவின் பெண் உறுப்பான சூல்தண்டு நடுவில் நிற்காமல் பக்கவாட்டில் மடிந்து விலகியிருப்பதால், அதே பூவின் மகரந்தம் அதன் நுனியான சூல்முடியை எளிதில் அடைவதில்லை. விதைக்காகப் பயிரிடுவோர் காலை வேளையில் கையாலேயே மகரந்தத்தைத் தொட்டு வைப்பதற்கு இதுவே காரணம். பூவுக்காக மட்டும் வளர்ப்பவருக்குக் காய் தேவையில்லை. விதையிலிருந்து வரும் செடி பூக்கச் சில ஆண்டுகள் காத்திருக்கவும் வேண்டும்.

உங்கள் தயக்கம் நியாயமானது. செடி முழுவதிலும், குறிப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கோல்சிசின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. உண்ணத்தக்க கிழங்கென்று கருதித் தின்றவர்கள் உயிரிழந்ததும் உண்டு. குழந்தை எதையும் வாயில் வைக்கும் வயதில் இருந்தால் இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுத்து நடுங்கள். அப்போதும் ஆடு மாடு எட்டாத இடமாகத் தேர்ந்தெடுத்து, கிழங்கைக் கையுறையோடு எடுத்து, சமையலறைப் பக்கம் கொண்டுபோகாமல் தனியே பெயர் எழுதி வையுங்கள். தெரியாமல் யாரேனும் தின்றுவிட்டால், வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.