உலகம் முழுக்க ஒரே அரசு வந்தால் மதத்தை விமர்சிக்கலாமா?

கேள்வி: உலக அரசு ஒன்று அமைந்தால் மத சுதந்திரம் இருக்குமா?

பதில்: அப்படி ஓர் அரசு இன்னும் இல்லை. ஆனால் அதன் அடிப்படைச் சட்டம் எப்படி இருக்கும் என்பதற்கு முன்மாதிரி உண்டு. 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மனித உரிமைப் பிரகடனம்தான் அது. மதத்தைப் பின்பற்றுவதோடு அதை மாற்றிக்கொள்ளவும் உரிமை உண்டு என்கிறது 18-ஆம் பிரிவு. 48 நாடுகள் ஆதரித்தன. சவூதி அரேபியா உட்பட 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன.

கேள்வி: முஸ்லிம் நாடுகள் எல்லாமே தயங்கினவா?

பதில்: இல்லை. பாகிஸ்தான் ஆதரித்தே வாக்களித்தது. அதன் வெளியுறவு அமைச்சர் ஜஃபருல்லா கான், விரும்புபவர் நம்பட்டும், விரும்பாதவர் மறுக்கட்டும் என்ற பொருளில் வரும் குர்ஆன் வசனத்தைச் சொல்லியே மதம் மாறும் உரிமைக்காக வாதாடினார். அவர் தங்களை முஸ்லிம்களாகவே கருதும் அகமதியா பிரிவைச் சேர்ந்தவர். 1974-இல் அதே பாகிஸ்தான் அகமதியாக்களை முஸ்லிம்கள் அல்ல என்று அரசியல் சட்டத்தில் எழுதியது. 1984-இல், தங்கள் தொழுகை இடத்தைப் பள்ளிவாசல் என்று அழைத்தாலே அவர்களுக்குச் சிறை என்றது. அப்போது ஜஃபருல்லா கான் உயிரோடுதான் இருந்தார். இதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

கேள்வி: என் சாமியை ஒருவன் திட்டினால் நான் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: மனம் புண்படும், மறுக்க மாட்டேன். ஆனால் சட்டம் காக்க வேண்டியது உங்களைத்தான், உங்கள் நம்பிக்கையைக் கேள்வியிலிருந்து அல்ல. "இந்தச் சாமி பொய்" என்பது கருத்து. "இந்தத் தெருக்காரர்களை அடித்து விரட்டு" என்பது தூண்டுதல். குடிமை, அரசியல் உரிமைகள் குறித்த 1966-இன் சர்வதேச உடன்படிக்கை தடை செய்யச் சொல்வது இரண்டாவதைத்தான். வெறும் மத நிந்தனைக்குத் தண்டனை தரும் சட்டங்கள் அந்த உடன்படிக்கைக்குப் பொருந்தாது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2011-இல் தெளிவாகவே சொன்னது.

கேள்வி: இந்தியாவில்?

பதில்: 1927-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் வந்த 295ஏ பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நியாய சம்ஹிதையில் 299 ஆக இருக்கிறது. மத உணர்வை வேண்டுமென்றே கெட்ட எண்ணத்தோடு புண்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை.

கேள்வி: அப்படியானால் உலக அரசே மேல், இல்லையா?

பதில்: எனக்கு அச்சம்தான். 2001 முதல் பல ஆண்டுகள், மதங்களை அவதூறு செய்வதற்கு எதிரான தீர்மானங்கள் ஐ.நா.வில் பெரும்பான்மை வாக்கில் நிறைவேறின. உலக அரசில் அந்தப் பெரும்பான்மையே சட்டமாகிவிடும். இன்று ஒரு நாட்டில் உயிருக்கு ஆபத்து என்றால் இன்னொரு நாட்டுக்கு ஓடலாம். அப்புறம் எங்கே ஓடுவது?