விமானி துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றால் வியாபாரி ஏன் வைத்திருக்கக் கூடாது?

அமெரிக்காவில் விமானிக்கே துப்பாக்கி கொடுத்து அனுப்புகிறார்களே, இங்கே ராத்திரியில் வெள்ளிச் சரக்கோடு போகிறவனுக்கு லைசன்ஸ் தர ஏன் இவ்வளவு யோசிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர் சேலம் செவ்வாய்ப்பேட்டை என்று போட்டிருப்பதால், கொலுசுப் பட்டறைக்கும் கடைக்கும் நடுவே டூவீலரில் சரக்கு கொண்டு போகிறவர் என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்குத் துப்பாக்கி பழுது பார்க்கும் தொழில். அதனால், துப்பாக்கியைக் கண்டாலே ஆகாதவன் எழுதுகிறான் என்று யாரும் கீழே கமென்ட்டில் ஆரம்பிக்க வேண்டாம். என் பதில் இதுதான்: விமானிக்கும் வேண்டாம், தெருவில் போகிறவர் இடுப்பிலும் வேண்டாம். தனியாக நிற்கிற தோட்டத்து வீட்டில், பூட்டிய பெட்டியில், லைசன்ஸோடு இருக்கட்டும். சுடத் தெரியுமா என்பதை மட்டும் வைத்து இதைப் பேசக் கூடாது. எடுப்பது, உறையில் போடுவது, பூட்டுவது, இன்னொருவர் கையில் கொடுப்பது ஆகிய இந்த நான்கிலும்தான் துப்பாக்கி தப்பாக வெடிக்கிறது.

முதலில் விமானி. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, 2002 நவம்பரில் அமெரிக்கா போட்ட சட்டம் அது. விருப்பப்பட்டு வருகிற விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்து, 'ஃபெடரல் ஃப்ளைட் டெக் ஆபீசர்' என்று பெயர் கொடுத்தார்கள். முதல் அணி 2003 ஏப்ரலில் பயிற்சி முடித்தது. பலரும் கவனிக்காத ஒரு விஷயம், அந்த விமானிக்குத் துப்பாக்கி அதிகாரம் காக்பிட்டுக்குள், அதாவது விமானி அறைக்குள் மட்டும்தான். கதவைத் தாண்டி வெளியே வந்தால் துப்பாக்கி பூட்டில் இருக்க வேண்டும். ஆக, ஒரே பயணத்தில் பல தடவை பூட்டுவதும் திறப்பதும் நடக்கும்.

தவறும் அங்கேதான் நடந்தது. 2008 மார்ச் 22, யுஎஸ் ஏர்வேஸ் 1536, டென்வரிலிருந்து ஷார்லட் போன ஏர்பஸ் ஏ319. தரையிறங்கும் முன் விமானி துப்பாக்கியை எடுத்து வைக்கும்போது அது வெடித்தது. கொடுத்திருந்த உறையில் ஒரு துளை உண்டு. அதன் வழியாகப் பூட்டின் வளையத்தை, விசையை (டிரிகரை) சுற்றியிருக்கும் காப்பு வளையத்துக்குள் நுழைத்துப் பூட்ட வேண்டும். துப்பாக்கி உறைக்குள் முழுதாக இறங்கியிருந்தால் ஒன்றும் ஆகாது. கொஞ்சம் மேலே தூக்கி நின்றால் பூட்டு வளையம் விசைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த நிலையில் துப்பாக்கியை உள்ளே அழுத்தினால் வளையமே விசையை இழுத்துவிடும். உறைக்குள் நடப்பது கண்ணுக்கும் தெரியாது. குண்டு விமானத்தின் இடது பக்கத் தகட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது. யாருக்கும் காயமில்லை, விமானமும் பத்திரமாக இறங்கியது. தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. குண்டு நிரப்பிய துப்பாக்கியின் விசைப் பக்கம் எந்தப் பொருளையும் நுழைக்கக் கூடாது என்பது பாலபாடம். பூட்டு வடிவமைத்தவர்கள் அதை மீறினார்கள், மாட்டிக்கொண்டது விமானி.

ஓட்டை விழுந்தால் விமானம் வெடித்துச் சிதறும், ஆளை வெளியே உறிஞ்சும் என்று சினிமா பார்த்துவிட்டுச் சொல்வார்கள். அது சரியில்லை. விமானத்துக்குள் காற்று எப்போதும் எஞ்சின் பக்கமிருந்து வந்துகொண்டே இருக்கும். பின்னால் இருக்கும் வால்வு வழியாக வெளியே போய்க்கொண்டும் இருக்கும். ஒரு குண்டுத் துளை அந்த வால்வின் முன் ஒன்றுமே இல்லை. 1988 ஏப்ரல் 28-ல் அலோஹா 243 விமானத்தின் மேற்கூரையில் ஒரு பெரிய பகுதியே பிய்த்துக்கொண்டு போனது. அதுவும் தரையிறங்கியது, ஆனால் ஒரு பணிப்பெண் உயிரிழந்தார். காக்பிட்டில் துப்பாக்கிக்கு நான் பயப்படுவது வேறு காரணத்துக்காக. கை நீட்டும் தூரத்தில் கருவிகள், ஒயர் கட்டுகள், ஆக்சிஜன் பாட்டில், பக்கத்திலேயே இன்னொரு விமானி. நம் சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்தில் இறங்கும் ஏ.டி.ஆர். என்ற சின்ன விமானத்தின் காக்பிட்டில் இரண்டு பேர் தோள் உரசாமல் உட்கார்வதே சிரமம். அந்த இடத்தில் மல்லுக்கட்டு நடந்தால் துப்பாக்கி யார் கையில் முடியும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

காக்பிட்டுக்குள் துப்பாக்கி போனதால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரம் இருக்கிறது. 1964 மே 7-ல் பசிபிக் ஏர் லைன்ஸ் 773 விமானத்தில் ஒரு பயணி விமானிகளைச் சுட்டான், 44 பேர் இறந்தார்கள். 1987 டிசம்பர் 7-ல் பிஎஸ்ஏ 1771 விமானத்தில், வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஓர் ஊழியர் அடையாள அட்டையைக் காட்டிச் சோதனை இல்லாமல் ரிவால்வரோடு ஏறினார், 43 பேர் இறந்தார்கள். ஊழியர்களுக்கும் சோதனை என்ற கட்டுப்பாடு இறுகியது அதன் பிறகுதான். துப்பாக்கியைக் கதவுக்கு வெளியே நிறுத்துவதுதான் இவ்வளவு காலப் பாடம். 2003-க்குப் பிறகு பெரிய பயணிகள் விமானங்களில் குண்டு துளைக்காத கதவு வந்துவிட்டது. நம் நாட்டில் 1999 டிசம்பர் 24 இந்தியன் ஏர்லைன்ஸ் ஐ.சி. 814 விமானக் கடத்தலுக்குப் பிறகு, ஆயுதத்தோடு பயணியோடு பயணியாக உட்காரும் ஸ்கை மார்ஷல் என்ற காவலர்களும் வந்துவிட்டார்கள். அவர்களுக்குச் சுடுவதும் காப்பதும் மட்டுமே வேலை. விமானிக்கு விமானத்தை இறக்குகிற வேலை இருக்கிறது.

அந்தக் கதவாலேயே 2015-ல் ஜெர்மன்விங்ஸ் விமானத்தில் துணை விமானி கேப்டனை வெளியே பூட்டிவிட்டு, தன்னையும் சேர்த்து 150 பேரைக் கொன்றாரே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் கேப்டனிடம் துப்பாக்கி இருந்திருந்தாலும், அமெரிக்க முறைப்படி வெளியே வரும்போது அது பூட்டில் இருந்திருக்கும். கதவும் குண்டுக்கு அசையாது. அதற்கு மருந்து மனநலப் பரிசோதனையிலும், காக்பிட்டில் யாரும் தனியாக இருக்கக் கூடாது என்ற ஏற்பாட்டிலும்தான்.

இப்போது உங்கள் விஷயம். 1959 ஆயுதச் சட்டம், 2016 விதிகள், 2019 திருத்தம் மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வயது 21 முடிந்திருக்க வேண்டும். சொத்து போதவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் லைசன்ஸை மறுக்கக் கூடாது என்று 14-ம் பிரிவே சொல்கிறது, இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். செவ்வாய்ப்பேட்டை மாநகரத்துக்குள் வருவதால் மனு போலீஸ் கமிஷனருக்கு. ஏற்காடு என்றால் கலெக்டருக்கு. மருத்துவச் சான்று வேண்டும், துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வேண்டும். மனுவில் "பாதுகாப்புக்காக" என்று ஒற்றை வரி எழுதினால் திரும்பி வரும். என்ன சரக்கு, எந்த வழி, எந்த நேரம், இதற்கு முன் மிரட்டலோ வழிப்பறியோ நடந்ததா, அதற்கு எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா என்று எழுதுங்கள். ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி, லைசன்ஸ் ஐந்து வருடம்.

கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். .32 ரிவால்வர் இடுப்பில், இரண்டு கையும் ஹேண்டில்பாரில். சால்ட் லேக் சிட்டி காவல்துறையைச் சேர்ந்த டென்னிஸ் டூலர் 1983-ல் ஒரு கணக்கு எழுதினார். கத்தியோடு 21 அடி தள்ளி நிற்பவர் சுமார் ஒன்றரை விநாடியில் மேலே பாய்ந்துவிடுவார், பயிற்சி உள்ளவர் உறையிலிருந்து எடுத்துச் சுடவும் அவ்வளவு நேரம் ஆகும். அதுவும் நின்றுகொண்டு, தயாராக இருக்கும்போது. வண்டியில் பின்னாலிருந்து உதைத்துத் தள்ளினால் உங்களுக்கு அந்த ஒன்றரை விநாடியும் இல்லை. சரக்குப் பையோடு ரிவால்வரும் போகும். அப்போது நீங்கள் நகையைத் தேடுவதா, காணாமல்போன துப்பாக்கிக்குப் பதில் சொல்வதா?

பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டால் தற்காப்பு என்று சொல்லி வெளியே வந்துவிடலாம் என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது. பழைய இ.பி.கோ.வுக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளைப் படித்துப் பாருங்கள். சொத்தைக் காக்க உயிரைப் பறிக்கும் அளவுக்கு உரிமை, கொள்ளை, இரவில் வீடு புகுதல் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே. உயிர்ப் பயமோ கொடுங்காயப் பயமோ இல்லாத வெறும் திருட்டுக்கு இல்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது.

லைசன்ஸின் பின்பக்க நிபந்தனைகளையும் யாரும் படிப்பதில்லை. தனி அனுமதி இல்லாமல் திருவிழா, மத ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிறுவன வளாகம் எதற்கும் துப்பாக்கியோடு போகக் கூடாது. அப்படியென்றால் ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டம் நிற்கும் தெருக்களில் உங்களுக்கு வழி கிடையாது. மகனைப் பள்ளி வளாகத்துக்குள் இறக்கிவிட்டுக் கடைக்குப் போகிற வழக்கம் இருந்தால் அதுவும் மீறல். கொண்டாட்டத்துக்கு வானத்தில் சுட்டால் 2019 திருத்தப்படி இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

விமானத்தில் போவதாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. துப்பாக்கியைக் கவுன்ட்டரில் சொல்லி, காலியாகக் காட்டி, சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டியில்தான் கொடுக்க வேண்டும். தோட்டாவைத் தனியாகக் கட்ட வேண்டும், 5 கிலோவுக்கு மேல் கூடாது. சுடும் பயிற்சி ரேஞ்சுக்குக் கொண்டுபோன கைப்பையிலேயே துணி வைத்துக்கொண்டு விமான நிலையம் போவதுதான் வழக்கமாக நடக்கிற தப்பு. மூலையில் கிடக்கும் ஒரே ஒரு தோட்டா எக்ஸ்ரேயில் தெரியும், வழக்கு பதிவாகும். தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று 1994-ல் சஞ்சய் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து உயர் நீதிமன்றங்கள் இப்படிப்பட்ட வழக்குகளை ரத்து செய்திருக்கின்றன. அதுவரை வக்கீல் செலவும் அலைச்சலும் உங்களுடையது. ஆகவே தோட்டாவுக்கென்று ஒரு பை, அதில் வேறு எதுவும் வேண்டாம்.

ஏற்காட்டில் தோட்டத்து வீட்டுக்கு மட்டும் ஏன் சரி என்கிறேன்? பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை, போலீஸ் வர நேரமாகும், துப்பாக்கி ஓரிடத்தில் பூட்டி இருக்கும். ஆனால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பனியும் ஈரமும் துப்பாக்கிக்கு எமன். தோல் உறையிலோ கித்தான் பையிலோ போட்டு மாதக்கணக்கில் வைத்தால் உறை ஈரத்தை உறிஞ்சிக் குழலுக்குக் கொடுக்கும். உள்ளே துரு பிடித்துக் குழி விழுந்தால் எந்த எண்ணெயும் அதை நிரப்பாது. உறை பயணத்துக்கு மட்டும்தான். வீட்டில் உறை இல்லாமல், பூட்டிய இரும்புப் பெட்டிக்குள், மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு வையுங்கள். எண்ணெய் அதிகமானால் வழிந்து துப்பாக்கியின் மரக்கட்டையை ஊற வைத்துவிடும். ஈரம் வராமல் இருக்கக் குழல் வாயில் துணியைத் திணிக்கவே கூடாது, மறந்து சுட்டால் குழல் பிளக்கும். குளவி மண்கூடு கட்டினாலும் அதே கதை. சுடுவதற்கு முன் குழலை மடக்கி வெளிச்சத்தில் பார்க்காமல் தோட்டா போடாதீர்கள்.

இதைவிடக் கொடுமையானது 12 போர், 20 போர் துப்பாக்கிகள் இரண்டும் ஒரே வீட்டில் இருப்பது (போர் என்பது குழல் அளவு, 20 போர்தான் சிறியது). 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கி இறங்கி நடுவில் சிக்கிக்கொள்ளும். பின்னால் பார்த்தால் அறை காலியாகத் தெரியும். தோட்டா போடவில்லை போல என்று 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், இடது கை பிடித்திருக்கும் இடத்திலேயே குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான். பழைய தோட்டாக்களில் நிறத்தை நம்பாதீர்கள், அடிப்பகுதியில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். விசை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்காதீர்கள். ஆளில்லாத பக்கம் நீட்டியபடி அரை நிமிடமாவது பொறுங்கள்.

பயிர்ப் பாதுகாப்புக்கு லைசன்ஸ் இருப்பதால் காட்டு மாட்டையும் பன்றியையும் சுடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காட்டு மாடு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பன்றிக்கும் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. தேர்தல் அறிவித்ததும் எல்லாத் துப்பாக்கியையும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், முந்தைய தேர்தல் கலவரத்தில் சிக்கியவர் என்று ஆள் ஆளாகப் பார்த்து முடிவெடுக்கச் சொல்லித்தான் தேர்தல் ஆணையத்தின் அறிவுரை இருக்கிறது. நடைமுறையில் லைசன்ஸ் பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் போன் வருகிறது. 2024 மக்களவைத் தேர்தலில் மார்ச் 16-ல் அறிவிப்பு, ஜூன் 4-ல் எண்ணிக்கை. நமக்கு ஏப்ரல் 19-லேயே ஓட்டு முடிந்தும் துப்பாக்கி ஸ்டேஷனுக்குள்ளேயே கிடந்தது. சுவரில் சாய்த்து, கயிற்றில் கட்டி, குழலோடு குழல் உரச வைத்தால், திரும்பி வரும்போது கட்டை விரிசல் விட்டிருக்கும், குழல் துருவேறிச் சிவந்திருக்கும். இதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. ஒழுங்காக லைசன்ஸ் வாங்கியவர் துப்பாக்கி இப்படித் துருப்பிடிக்க, மலைக்காடுகளில் லைசன்ஸே இல்லாத நாட்டுத் துப்பாக்கி தேர்தல் நேரத்திலும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆயுதச் சட்டத்தின் 21-ம் பிரிவுப்படி லைசன்ஸ் உள்ள ஆயுதக் கடையிலும் டெபாசிட் செய்யலாம். எங்கே கொடுத்தாலும் முந்தின நாள் குழலுக்குள் எண்ணெய் போட்டு, நான்கு பக்கமும் தேதியோடு படம் எடுத்து, ரசீதில் துப்பாக்கி எண்ணையும் "குழல் சுத்தம், கட்டையில் விரிசல் இல்லை" என்பதையும் எழுதி வாங்குங்கள். தோட்டா எண்ணிக்கை தனி வரியில் இருக்க வேண்டும்.