கினபத்தாங்கான் ஆற்றில் ஒரு நாள்: கேள்வி பதில்

மலேசியாவின் சபா மாநிலத்தில், போர்னியோ மழைக்காட்டின் நடுவே ஓடும் கினபத்தாங்கான் ஆற்றுக்குக் குடும்பத்தோடு போவது பற்றி டெல்டா பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கோலாலம்பூரில் அக்கா வீட்டுக்குப் போகிறோம். ஒரே நாளில் இந்த ஆற்றைப் பார்த்துத் திரும்ப முடியுமா? (திருவாரூர்)

வேண்டாம். பக்கத்திலுள்ள விமான நிலைய நகரமான சண்டாக்கானுக்கு விமானத்திலேயே ஏறத்தாழ மூன்று மணி நேரம். அங்கிருந்து ஆற்றங்கரையிலுள்ள சுக்காவ் கிராமத்துக்குச் சாலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஓர் இரவாவது ஆற்றங்கரையில் தங்குங்கள். காலையில் செப்பிலோக் ஒராங்குட்டான் மறுவாழ்வு மையம், மதியம் சுக்காவ், 4 மணிக்குப் படகு, மறுநாள் விடிந்ததும் இன்னொரு படகு என்று வைத்துக்கொண்டால் அலைச்சல் தெரியாது. சபாவுக்குத் தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு. உள்நாட்டு விமானம்தானே என்று பாஸ்போர்ட்டை அக்கா வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள்.

எல்லோரும் சாயங்காலப் படகைத்தான் சொல்கிறார்கள். ஏன்? (கும்பகோணம்)

நீள்மூக்குக் குரங்குகளுக்காக. போர்னியோவைத் தவிர வேறெங்கும் காட்டில் வாழாத இனம் இது. பகலில் காட்டுக்குள் மேய்ந்துவிட்டு, பொழுது சாயும்போது கூட்டம் கூட்டமாகக் கரையோர மரங்களுக்குத் தூங்க வந்துவிடும். ஆண் குரங்கின் மூக்கு வாயை மறைத்துத் தொங்கும். பானை வயிறு வேறு. இலையும் காயும்தான் முக்கிய உணவு. அதைச் செரிக்க வயிற்றுக்குள்ளே தனித்தனி அறைகள் உண்டு. கால்விரல்களுக்கிடையே சவ்வு இருப்பதால் நன்றாக நீந்தும். படகுக்காரர் இன்ஜினை நிறுத்தியதும் பேச்சையும் நிறுத்திவிடுங்கள். கிளை முறியும் சத்தத்தோடு ஒவ்வொன்றாகத் தாவி வருவதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள்.

அவ்வளவு விலங்குகள் ஒரே இடத்தில் தெரிகின்றனவே, காடு மிகப் பெரியதா? (மன்னார்குடி)

எனக்கு மனசு கனக்கிற விஷயம் இது. சுற்றியிருந்த காட்டில் பெரும்பகுதியை அழித்து, பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டம் போட்டுவிட்டார்கள். மிஞ்சியது ஆற்றையொட்டிய குறுகலான காடுதான். போக வேறு இடம் இல்லாமல்தான் யானையும் ஒராங்குட்டானும் கரைக்கு இவ்வளவு நெருக்கமாகத் தெரிகின்றன. 2005-இல் சுமார் 26,000 ஹெக்டேரைச் சரணாலயமாக அறிவித்தார்கள். அதுவும் துண்டு துண்டாகத்தான் கிடக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சுக்காவுக்குப் போகும் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே செம்பனைதான், அவர்களே பார்ப்பார்கள்.

அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் இருக்கிற அதே முதலையா அங்கேயும்? (பந்தநல்லூர்)

இல்லை. நம்முடையது நன்னீரில் வாழும் சதுப்புநில முதலை. அங்கே இருப்பது உவர்நீர் முதலை, அதைவிடப் பெரியது, ஆபத்தானது. படகிலிருந்து தண்ணீருக்குள் கைவிடக் கூடாது. ஆற்றில் குளிக்கிற பேச்சே வேண்டாம்.

வயதான மாமியாரும் ஆறு வயதுப் பேத்தியும் வருகிறார்கள். சமாளிப்பார்களா? (வேதாரண்யம்)

படகில் உட்கார்ந்தே பார்ப்பதால் இருவருக்கும் சிரமம் இல்லை. உயிர்காப்பு உடுப்பு பேத்தியின் அளவுக்கு இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். காட்டுக்குள் நடப்பதென்றால் அட்டை ஏறும், அதற்கென்று நெருக்க நெசவுக் காலுறை விற்கிறார்கள். குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதருக்குத் தொற்றும் மலேரியா சபாவில் உண்டு, கிளம்புமுன் மருத்துவரைப் பாருங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல மழை, அப்போது போகாமலிருப்பது நல்லது.

சைவம் கிடைக்குமா? (திருவையாறு)

கிடைக்கும். ஆனால் கீரை வதக்கலில்கூட பெலாச்சான் என்ற இறால் விழுதைச் சேர்ப்பார்கள். பதிவு செய்யும்போதே அது வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

மகளுக்குப் பறவை என்றால் உயிர். எதைத் தேடச் சொல்லட்டும்? (வடுவூர்)

இருவாச்சியை, அதாவது பெரிய அலகுள்ள ஹார்ன்பில் பறவையை. இந்த ஆற்றோரத்தில் எட்டு வகை இருக்கின்றன. பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிடும்; சிறு பிளவு வழியாக ஆண் இரை ஊட்டும். பறக்கும்போது இறக்கைச் சத்தமே தூரத்தில் கேட்கும். பாம்புத்தாராவை உங்கள் ஏரியிலேயே பார்த்திருப்பாள், அங்கேயும் அது மரத்தில் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும். அப்புறம் நீர்நாய். காவிரியிலுள்ள அதே இனம் அங்கேயும் உண்டு. போகுமுன் ஒரு காலையில் நம் ஆற்றங்கரையில் அதைத் தேடிப் பழகினால், அங்கே அவள் கண்ணுக்குச் சீக்கிரம் பிடிபடும்.