காஸ் கீசர் பாத்ரூமுக்குள் இருக்கிறது. குளிருக்கு வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்துவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் போட்டால் போதுமா? (ஓசூர், வாடகை வீடு, 5-க்கு 7 அடி பாத்ரூம்)

போதாது. இன்றைக்கே அந்த அட்டையை எடுத்துவிடுங்கள்.

எட்டடி உயரம் என்று வைத்துக்கொண்டால் உங்கள் பாத்ரூமில் இருப்பது 8 கன மீட்டர் காற்று. நிமிடத்துக்கு 6 லிட்டர் சுடுதண்ணீர் தரும் கீசர் முழுத் தீயில் மணிக்கு முக்கால் கிலோ காஸாவது எரிக்கும். ஒரு கிலோ காஸ் எரிய ஏறக்குறைய 12 கன மீட்டர் காற்று வேண்டும். அடைத்த அறையில் கால் மணி நேரம் ஓடினாலே உள்ளே இருந்த ஆக்சிஜனில் கால் பங்குக்கு மேல் தீர்ந்துவிடும். அடுத்த ஆளும் உடனே குளிக்கப் போனால் கேட்கவே வேண்டாம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழியில் தொட்டித் தண்ணீரே சில்லென்று வரும், கீசர் குமிழை முழுசாகத் திருப்பித்தான் வைப்போம்.

ஆக்சிஜன் குறைந்த தீ கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைக் கக்கும். அது ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். அதற்கு வாசனை இல்லை. சிலிண்டர் காஸில் கலந்திருக்கும் நாற்றப்பொருளும் தீயில் எரிந்துபோகிறது, அதனால் மூக்கை நம்பிப் பயனில்லை. தலைவலி, கிறுகிறுப்பு, பிறகு கால் துவண்டுவிடும். தாழ்ப்பாளைத் திறக்கத் தெம்பு இருக்காது.

இப்போது ஃபேன் விஷயம். காற்று உள்ளே வர வழியில்லாத அறையில் ஃபேன் சும்மா சுற்றும், அவ்வளவுதான். கீசருக்குப் புகைக்குழாய் இருந்தால் இன்னும் மோசம்: வெளியே போக வேண்டிய புகையை ஃபேன் அந்தக் குழாய் வழியாகவே உள்ளே இழுத்துவிடும். கதவின் அடியில் ஓர் அங்குலமாவது இடைவெளி வேண்டும், மேலே வென்டிலேட்டர் திறந்திருக்க வேண்டும். அட்டாச்டு பாத்ரூம் என்றால் படுக்கையறை ஜன்னலும் திறந்திருக்கட்டும். கீசரை அணைத்துவிட்டு, ஃபேனைப் போட்டுக் கதவடியில் ஊதுபத்தி பிடித்துப் பாருங்கள். புகை உள்பக்கமாகச் சாய்ந்தால் காற்று வருகிறது.

கார்த்திகையில், மழை ஓய்ந்ததும், ஒருமுறை எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடுங்கள். பெரும்பாலும் அடைப்பது வென்டிலேட்டரில் அடித்த கொசுவலைதான். தூசியும் நூலும் படிந்தால் பாதி ஓட்டை போய்விடும். கழற்றிச் சோப்புத் தண்ணீரில் தேயுங்கள். ஃபேனின் வெளிப்பக்கம் திறந்து மூடும் தகடுகள் பிசுக்கேறி ஒட்டியிருக்கும். புகைக்குழாய் வாயில் குளவிக்கூடோ குருவிக்கூடோ இருக்கலாம். வளையும் அலுமினியக் குழாய் என்றால் நசுங்கிய இடத்தையும் இணைப்பையும் பாருங்கள். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் புகை உள்ளேயே கசிகிறது. தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக நாக்கு நீட்டினால் சர்வீஸ் முடியும்வரை போடாதீர்கள். தீ அணைந்தால் காஸை நிறுத்தும் கருவி எல்லாக் கீசரிலும் உண்டு என்பார்கள். அதற்கு கார்பன் மோனாக்சைடு தெரியாது.

சரியான தீர்வு கீசரையும் சிலிண்டரையும் காற்றோட்டமுள்ள வெளிச்சுவருக்கு மாற்றி, சுடுதண்ணீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவருவது. பெரிய வேலையில்லை, வீட்டுக்காரரிடம் பேசிப் பாருங்கள். அதுவரை கதவைத் திறந்து வைத்து வாளியில் தண்ணீர் பிடித்து, கீசரை அணைத்து, சற்று நேரம் காற்றாட விட்டு, அதன்பின் உள்ளே போய்த் தாழிடுங்கள். (மலைக் கிராமங்களில் குளிருக்கு மூடிய அறையில் கரிச்சட்டி வைப்பதும் இதே ஆபத்துதான்.)

யாராவது உள்ளே பேச்சில்லாமல் இருந்தால் கதவை உடைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு வெளியே இழுத்து வாருங்கள். பிறகு சிலிண்டரை மூடி 108-ஐ அழையுங்கள். மருத்துவரிடம் 'காஸ் கீசர்' என்று மறக்காமல் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த விஷத்தில் 98 என்று காட்டி ஏமாற்றும். ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.