கேள்வி–பதில்: கிரப் ஏறவில்லை, ரீஸ்டார்ட் செய்யலாமா?

கேள்வி: பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு 22.04-ஐ 24.04-க்கு அப்கிரேடு செய்துகொண்டிருக்கிறேன். பாதியில், முன்பு கிரப் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் உபுண்டுவை எழுப்பும் பூட் லோடர்) இருந்த டிஸ்க் இப்போது காணவில்லை என்று ஒரு திரை வந்தது. என்டர் தட்டினேன். இப்போது ‘கிரப்பை நிறுவாமலே தொடரவா?’ என்று கேட்டு நிற்கிறது. போன வருடம் ஹார்டு டிஸ்க்கைக் குளோன் எடுத்து எஸ்எஸ்டி போட்டோம். வேறு எதையும் தொடவில்லை. என்ன செய்வது?

பதில்: ‘நோ’ கொடுங்கள். ரீஸ்டார்ட் மட்டும் வேண்டாம். இந்த நிமிடம் வரை உங்கள் சிஸ்டத்துக்கு எந்தச் சேதமும் இல்லை.

காரணம் அந்தக் குளோன்தான். பயாஸ் முறையில் (யுஇஎஃப்ஐக்கு முந்தைய பழைய பூட் முறை) ஓடும் மெஷினில் கிரப்-பிசி என்ற பேக்கேஜ், தன்னை எந்த டிஸ்க்கில் எழுத வேண்டும் என்பதை அதன் மாடல் பெயர், சீரியல் நம்பரோடு குறித்து வைத்திருக்கும். குளோன் எடுக்கும்போது அந்தக் குறிப்பும் அப்படியே எஸ்எஸ்டிக்கு வந்துவிட்டது. கழற்றி வைத்த ஹார்டு டிஸ்க்கைத்தான் அது இன்னமும் தேடுகிறது. இன்னொரு டெர்மினலில் ‘சூடோ டெப்கான்ஃப்-ஷோ கிரப்-பிசி’ என்று கொடுத்தால் ‘இன்ஸ்டால் டிவைசஸ்’ வரியில் பழைய டிஸ்க்கின் பெயரையே காண்பீர்கள்.

‘நோ’ கொடுத்ததும் டிஸ்க் பட்டியல் திரும்ப வரும். பலரும் சறுக்குவது இங்கேதான். அம்புக்குறியை டிஸ்க்கின் மேல் வைத்து என்டர் தட்டினால் தேர்வாகாது. ஸ்பேஸ் பாரைத் தட்ட வேண்டும். சதுர அடைப்புக்குள் நட்சத்திரக் குறி விழுந்த பிறகுதான் டேப் தட்டி ‘ஓகே’வுக்குப் போக வேண்டும். பட்டியலில் முழு டிஸ்க் ‘/டெவ்/எஸ்டிஏ’ என்றும், அதன் கீழே சிறு கோட்டோடு பார்ட்டிஷன்கள் ‘/டெவ்/எஸ்டிஏ1’, ‘எஸ்டிஏ2’ என்றும் இருக்கும். பக்கத்திலேயே அளவும் தெரியும். 240 ஜிபி எஸ்எஸ்டி என்றால் 240057 எம்பி என்று காட்டும். எண் இல்லாத முழு டிஸ்க்கை மட்டும் தேர்ந்தெடுங்கள். பார்ட்டிஷன்களுக்கு நட்சத்திரம் வேண்டாம். செருகியிருக்கும் பென் டிரைவ் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள்.

திரை ஏற்கெனவே போய்விட்டிருந்தால், ‘சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கிரப்-பிசி’ அதே பட்டியலைக் கொண்டுவரும். இடையில் வரும் கெர்னல் கமாண்ட் லைன் கேள்விகளில் எதையும் மாற்றாமல் ஓகே கொடுத்துப் போகலாம். முடிவில் ‘இன்ஸ்டாலேஷன் ஃபினிஷ்ட், நோ எரர் ரிப்போர்ட்டட்’ என்ற வரி வர வேண்டும். அதற்கு மேல் ‘ஐ386-பிசி’ என்று இருப்பதைப் பார்த்து 32 பிட் ஏறிவிட்டதோ என்று பதற வேண்டாம். 64 பிட் மெஷினிலும் பயாஸ் வழி கிரப்புக்கு அதுதான் பெயர். கடைசியாக ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ கொடுத்து, பாதியில் நின்ற மற்ற பேக்கேஜ்களையும் முடித்துவிடுங்கள்.

‘யெஸ்’ கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கிரப் ஒரே இடத்தில் இருப்பதில்லை. முதல் துண்டு, டிஸ்க்கின் முதல் செக்டாரான எம்பிஆரின் 446 பைட்டுக்குள் அடங்கியிருக்கும். அடுத்த துண்டான கோர் இமேஜ், முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் உள்ள இடைவெளியில் இருக்கும். மீதி மாட்யூல்கள் ‘/பூட்/கிரப்’ ஃபோல்டரில். அப்கிரேடு ஃபோல்டரைப் புதுப்பித்துவிட்டு, கோர் இமேஜைப் பழையதாகவே விட்டுவிட்டால் இரண்டும் ஒத்துப்போகாது. 2020 ஜூலை 29 அன்று பூட்ஹோல் என்ற கிரப் ஓட்டைக்கான பாதுகாப்புத் திருத்தம் வெளியானபோது நடந்தது இதுதான். குறிப்பு தவறாக இருந்த மெஷின்கள் ‘சிம்பல் கிரப்_காலக் நாட் ஃபவுண்ட்’ என்று சொல்லி, ‘கிரப் ரெஸ்க்யூ’ திரையில் நின்றுவிட்டன.

அந்தத் திரைக்கே வந்துவிட்டவர்களுக்கும் வழி உண்டு. லைவ் யூஎஸ்பியில் (உபுண்டுவை நிறுவாமலே ஓட்டும் பென் டிரைவ்) பூட் செய்யுங்கள். பூட் மெனுவில் அதே பென் டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், ‘யுஇஎஃப்ஐ’ என்று போடாததைத் தேர்ந்தெடுங்கள். ரூட் பார்ட்டிஷனை ‘/எம்என்டி’யில் மவுண்ட் செய்து, ‘/பூட்’ தனியாக இருந்தால் அதையும் அதற்குள் மவுண்ட் செய்யுங்கள். டெவ், ப்ராக், சிஸ், ரன் நான்கையும் ‘மவுண்ட் --பைண்ட்’ மூலம் உள்ளே இணைத்து, சிஹெச்ரூட் (மவுண்ட் செய்த சிஸ்டத்துக்குள் நுழையும் கட்டளை) செய்து, ‘கிரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிஏ’, பிறகு ‘அப்டேட்-கிரப்’. அதோடு மேலே சொன்ன ரீகான்ஃபிகரையும் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கிரப் அப்டேட்டில் இதே தொல்லை திரும்பும்.

கேள்வி: நானும் எஸ்எஸ்டி மாற்றியவன்தான். சரியான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தும், ‘ஜிபிடியில் பயாஸ் பூட் பார்ட்டிஷன் இல்லை, எம்பெடிங் முடியாது’ என்கிறது. --ஃபோர்ஸ் போடலாமா?

பதில்: போடாதீர்கள். போட்டால் கிரப், கோர் இமேஜ் ஃபைல் சிஸ்டத்தில் எந்த பிளாக்குகளில் கிடக்கிறது என்ற முகவரியை நம்பி பூட் ஆகும். ஃபைல் இடம் மாறிய அன்றைக்கு மெஷின் எழாது.

உங்கள் புது டிஸ்க் ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. பழைய எம்பிஆர் முறை டிஸ்க்கில் கோர் இமேஜ் உட்கார்ந்த இடைவெளியின் தொடக்கத்தை ஜிபிடியில் பார்ட்டிஷன் அட்டவணை பிடித்துக்கொள்கிறது. ஆகவே கிரப்புக்கென்றே ஒரு குட்டிப் பார்ட்டிஷன் வேண்டும். 1 எம்பி போதும். பெரும்பாலான டிஸ்க்குகளில் முதல் பார்ட்டிஷன் 2048-ஆம் செக்டாரில் தொடங்குவதால், 34 முதல் 2047 வரை சும்மாதான் கிடக்கும். எதையும் சுருக்க வேண்டியதில்லை. முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு ஜிடிஸ்க் என்ற பார்ட்டிஷன் கருவியைத் திறங்கள். ‘எக்ஸ்’ தட்டி, ‘எல்’ கொடுத்து அலைன்மென்டை 1 ஆக்குங்கள். இதை விட்டால் 34-இல் தொடங்க அது சம்மதிக்காது. ‘எம்’ தட்டித் திரும்பி வந்து, ‘என்’ கொடுத்து 34, 2047 என்று தொடக்கமும் முடிவும் சொல்லுங்கள். வகை ‘இஎஃப்02’. ‘டபிள்யூ’ தட்டி எழுதி, புது அட்டவணையைக் கெர்னலுக்குத் தெரிவிக்க ஒருமுறை ‘பார்ட்ப்ரோப்’ ஓட்டுங்கள். இதை ஃபார்மட் செய்யவும் கூடாது, மவுண்ட் செய்யவும் கூடாது. பிறகு கிரப்-இன்ஸ்டால்.

கேள்வி: லேப்டாப்பில் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று கிரப் நிற்கிறது. இஎஃப்ஐ பார்ட்டிஷனில் 400 எம்பி காலியாக இருக்கிறதே?

பதில்: நிரம்பியிருப்பது அந்தப் பார்ட்டிஷன் அல்ல, மதர்போர்டின் என்விரேம் (பூட் அமைப்புகளைச் சேமிக்கும் சிறு மெமரி). பூட் பதிவை எழுத அங்கேதான் இடமில்லை. ‘/சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ/இஎஃப்ஐவார்ஸ்’ ஃபோல்டரில் ‘டம்ப்’ என்று தொடங்கும் ஃபைல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கெர்னல் க்ராஷ் ஆகும்போது எழுதிவைத்த குறிப்புகள் அவை, அழிக்கலாம். அங்கிருக்கும் வேறு எதிலும் கை வைக்காதீர்கள். சில போர்டுகள் அதோடு உயிர் விட்டுவிடும். ‘இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்’ ஓட்டினால் நான்கு இலக்க எண்களோடு பூட் பதிவுகள் வரிசையாக வரும். நீங்கள் என்றோ அழித்த சிஸ்டத்தின் பதிவு அதில் இருந்தால் ‘-பி’ சின்ன எழுத்தில், பிறகு அந்த எண், அடுத்து ‘-பி’ பெரிய எழுத்தில் கொடுத்து நீக்குங்கள். எழுத்தின் அளவு முக்கியம்: சின்னது எண்ணைச் சுட்டும், பெரியது அழிக்கும். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, லேப்டாப் எழுந்ததும் கிரப்-இன்ஸ்டாலைத் திரும்ப ஓட்டுங்கள்.