வீட்டை அடகு வைப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை

வணக்கம் அம்மா. போன வாரம் மகளின் எஸ்.பி.எம். (மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் அரசுத் தேர்வு) முடிவுத் தாளை என் கிளினிக் மேசையில் வைத்து, "பட்டர்வொர்த் வீட்டை அடகு வைத்தாவது இவளை டாக்டர் ஆக்கிடணும், என்ன சொல்றீங்க டாக்டர்?" என்று கேட்டீர்கள். வெளியே கூட்டம், அதனால் தலையை ஆட்டி அனுப்பிவிட்டேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள்.

எட்டு ஏ வாங்கியிருக்கிறாள், மார்க்கில் குறையில்லை. ஆனால் நீங்கள் பேசிய பத்து நிமிடமும் அவள் வாயே திறக்கவில்லை.

முதலில் வயதுக் கணக்கு. ஆறாம் படிவத்துக்குப் போனால் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வை முடிக்க ஒன்றரை ஆண்டு, மருத்துவப் படிப்பு 5 ஆண்டு. அப்புறம் ஹவுஸ்மேன், அதாவது மருத்துவமனையில் பயிற்சி டாக்டராக, 2 ஆண்டு, நாலு நாலு மாதமாக ஆறு பிரிவுகள். (என் காலத்தில் ஒரே ஆண்டுதான், 2008-ல் கூட்டினார்கள்.) அதற்குமேல் கட்டாய அரசு சேவை. எங்கே போடுவார்கள் என்பது நம் கையில் இல்லை, சபாவாகவும் இருக்கலாம். ஸ்பெஷலிஸ்ட் ஆக வேண்டுமென்றால், இடம் கிடைத்து இன்னும் 4 ஆண்டு. முப்பது தாண்டியும் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பாள்.

"படித்து முடித்தால் கவர்மெண்டு வேலை நிச்சயம்" என்றாராம் உங்கள் வீட்டுக்காரர். அது பழைய கதை. 2016 டிசம்பரிலிருந்து புது டாக்டர்களை நிரந்தர வேலை கொடுக்காமல் ஒப்பந்தத்தில் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த டாக்டர்கள் வேலையைப் போட்டுவிட்டு மருத்துவமனைகளுக்கு வெளியே வந்து நின்றது அதற்காகத்தான்.

சரி, இதெல்லாம் தெரிந்தும் இந்த வேலையை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். நானே ஒருவன். ஆனால் எதை விரும்புகிறோம் என்பது இருக்கிறதே, அது வெள்ளைக் கோட்டு இல்லை.

ஹவுஸ்மேனாக என் முதல் இரவு வேலை. விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு பாட்டிக்கு பிரானுலா (மருந்து ஏற்றக் கை நரம்பில் செருகும் ஊசிக் குழாய்) போட வேண்டும். மூன்று தடவை குத்தினேன், மூன்றும் தவறிப்போனது. பாட்டி என்னைத் திட்டவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அது திட்டுவதைவிட மோசம். வார்டு மிஸ்ஸி, அதாவது நர்ஸ், வந்து, கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி, ஐந்து நிமிடம் பேசாமல் நிற்கச் சொன்னார். நரம்பு தானாக மேலே வந்தது. ஐந்து வருடப் படிப்பில் எனக்கு யாரும் சொல்லித்தராத பாடம் அது.

இன்னொன்று, இந்த மாதம் நடந்தது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெரியவர், இனிப்பு நீர்க்காரர். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதாகச் சத்தியம் செய்கிறார், சர்க்கரையோ இறங்கவே இல்லை. பையைக் காட்டச் சொன்னால் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை அட்டைகள் பிரிக்காமலே கிடக்கின்றன. "ஏன் ஐயா?" என்றேன். வெகுநேரம் கழித்துச் சொன்னார்: "அதைப் போட்டா வயிறு கலக்குது. பஸ்ஸுல வர்றப்ப என்ன பண்றது?" அளவைக் குறைத்து, சாப்பாட்டோடு போடச் சொல்லி, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினேன். இதற்கு இருபது நிமிடம் ஆனது. வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள், ஒருவர் கதவைத் தட்டியே விட்டார். பணக் கணக்கில் பார்த்தால் அது நஷ்டம். எனக்கோ அன்றைக்கு முழுக்க மனசு லேசாக இருந்தது. உங்கள் மகளுக்கும் அப்படி இருக்குமா என்பது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

வெளிநாட்டு இடம் என்று ஏஜெண்டு யாராவது வந்தால், அந்தப் பல்கலைக்கழகம் மலேசிய மருத்துவ மன்றத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பார்க்காமல் ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள்.

வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். வரும் சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு மகளை மட்டும் அனுப்புங்கள். கவுண்டர் அக்காவோடு உட்கார்ந்து பெயர் பதியட்டும், மதியம் வரை வருகிறவர்களோடு பேசட்டும். நீங்கள் கூட வர வேண்டாம் அம்மா. நீங்கள் பக்கத்தில் இருந்தால், பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வாள்.