பதில்: "உலகத்திலேயே 14தான் இருக்கு" என்கிறார், 40,000 கொடுக்கலாமா?

சகோ, பொறுங்க. பிஎஸ்ஏ (சேகரிப்பு கார்டுகளின் நிலையைப் பார்த்து 10 வரை கிரேடு போடுற அமெரிக்க நிறுவனம்) 10 கொடுத்த இந்தக் கார்டு உலகத்திலேயே 14தான்னு சொல்லி, அஸ்தம்பட்டிக்காரர் 40,000 ரூபாய் கேட்கிறார்னு எழுதியிருக்கீங்க. அவர் சொல்ற 14 பொய்யா இருக்காது. ஆனா அந்த எண் மட்டும் எதையும் சொல்லாது.

ஸ்லாப், அதாவது கிரேடு போட்டபின் கார்டை வச்சு மூடுற பிளாஸ்டிக் பெட்டி, அதோட லேபிளில் இருக்கிற சான்று எண்ணை பிஎஸ்ஏ தளத்தில் போட்டுப் பாருங்க. அதே கார்டு மொத்தம் எத்தனை கிரேடிங்குக்குப் போயிருக்குன்னும் வரும். 2,000 போய் 14தான் 10 வாங்கியிருந்தா, அது நிஜமாவே அரிது. 16 போய் 14 வாங்கியிருந்தா? யாரும் அனுப்பவே இல்லைன்னுதான் அர்த்தம். விலை ஏறினதும் ஆல்பத்தில் கிடக்கிறதெல்லாம் கிளம்பும், 14 நூறாகும். நீங்க சொல்ற மாதிரி போன வருஷ வெளியீடுன்னா இதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். 1999 போகிமான் முதல் பதிப்பு சாரிசார்ட் கார்டு அப்படியில்ல. பளபளக்கிற ஹோலோ பரப்பில் கீறல், பின்பக்க நீல ஓரத்தில் வெள்ளைப் புள்ளின்னு பெரும்பாலானவை அடிபட்டுப்போச்சு. இனி 10 வர்றது கஷ்டம்.

9 வாங்கின கார்டை, 10 கிடைக்குமான்னு ஸ்லாபை உடைச்சு எடுத்து திரும்பத் திரும்ப அனுப்புறவங்க உண்டு. பழைய லேபிளைத் திருப்பிக் கொடுக்கலைன்னா பழைய 9-உம் கணக்கில் அப்படியே நிற்கும், ஒரே கார்டு பல தடவை எண்ணப்படும். அதனால 9-இன் எண்ணிக்கையை அப்படியே நம்பாதீங்க.

ஈபேயில் கேட்கிற விலையை விடுங்க, விற்று முடிஞ்ச விலையை மட்டும் பாருங்க. 9-க்கும் 10-க்கும் நடுவில் பல மடங்கு வித்தியாசம் இருந்தா, நீங்க கொடுக்கிறது கார்டுக்கில்ல, லேபிளுக்கு. அப்போ ஸ்லாப் ஓரத்தை வெளிச்சத்தில் சாய்ச்சுப் பாருங்க. வெள்ளை பூத்திருந்தா யாரோ அதைத் திறந்திருக்கலாம்.

ஏற்காட்டு வீட்டில் வைக்கிறதா இருந்தா, மூடின டப்பாவில் சிலிக்கா ஜெல் போடுங்க. ஸ்லாப் ஈரத்தை முழுசாத் தடுக்காது. ஃபாயில் (பளபளப்புத் தாள் ஒட்டின) கார்டு உள்ளேயே வளையும்.